பழைய கதையும் புதிய பதிப்பும்

1898-ஆம் ஆண்டில், தம் இரு பெண் குழந்தைகளையும் கோடைக்கானல் மலையில் விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் பிரயாணம் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்து தேசத்து மாது ஒருவர், வழிநெடுகப் பிள்ளைகளின் நினைவாகவே இருந்தமையால், அவர்களுக்கு எழுதி அனுப்புவதற்கென்று ஒரு சிறு கதையைப் புனைந்தார். அதற்கு வேண்டிய படங்களையும் பிறகு தம் கையாலேயே தீட்டினார். ஹெலன் பேனர்மன் என்னும் அந்த மாதரசி, இந்திய மருத்துவப் பணியில் டாக்டராக இருந்த கணவருடன் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தவர். கதை அடுத்த ஆண்டே லண்டனில், குழந்தையின் கையில் அடங்கக்கூடிய சின்னஞ்சிறு புத்தகமாக அச்சாயிற்று. 'லிட்டில் பிளாக் சாம்போ' என்னும் அப்புத்தகத்தைப் போல, ஒரு சாரார் குழந்தைகளுக்கு அத்தனை ஆனந்தத்தையும் மற்றொரு சாரார் குழந்தைகளுக்கு அத்தனை அவமானத்தையும் அளித்த புத்தகம் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. குழந்தை இலக்கியத்தின் பழைய நூல்களை இக்காலத்து மனோபாவத்துக்கு ஏற்பத் திருத்தலாமா, கூடாதா என்று மேனாடுகளில் இன்று நடக்கும் விவாதத்தை விளங்கிக்கொள்ள விரும்புவோர், சென்னை ராஜதானியின் ரயில் வண்டியில் பிறந்த இந்தக் கதையிலிருந்து தொடங்குவது நல்லது.

கதை எளியது. சிவப்புக் கோட்டும் நீலக் கால்சட்டையும் ஊதா நிறப் பாதரட்சைகளும் அணிந்து, பச்சைக் குடையும் பிடித்துக்கொண்டு காட்டில் உலாவச் சென்ற சிறுவன் ஒருவனை நான்கு புலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழிமறிக்க, அவன் ஒவ்வொரு புலிக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்து உயிர் பிழைக்கிறான். நாலு கால் படைத்த தனக்கு இரண்டே பாதரட்சைகள் எதற்கு என்று ஒரு புலி கேட்கும்போது, அவற்றைக் காதில் மாட்டிக்கொள்ளலாமே என்று யோசனை சொல்கிறான். குடையைப் பிடிக்கக் கையில்லாத புலிக்கு, வாலை முடிச்சிட்டு அதில் பிடித்துக்கொள்ள வழி காட்டுகிறான். பிறகு அந்தப் புலிகள், காட்டிலே தன்னைப் போன்ற அலங்காரன் யார் என்று தமக்குள் சண்டையிட்டு, ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொண்டு ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஓடிய வேகத்தில் உருகி நெய்யாகிவிடுகின்றன. வேலை முடிந்து திரும்பும் தகப்பன் அந்த நெய்யைப் பித்தளைப் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு வர, தாய் அதில் அப்பம் சுட, தாய் 27, தகப்பன் 55, சிறுவன் 169 அப்பங்களைத் தின்று தீர்க்கிறார்கள். பலத்தில் சிறியவன் புத்தியினால் பெரியவர்களை வெல்வதும், பயம் கடைசியில் பலகாரமாக மாறுவதும் எந்த நாட்டுக் குழந்தைக்கும் பிடிக்கும் விஷயங்கள். கதை என்ற அளவில் அதில் நான் குறை காணவில்லை. அது ஒரு மெய்யான கதாசிரியையின் சிருஷ்டி.

குற்றம் கதையின் நடையில் இல்லை, பெயர்களிலும் படங்களிலும் இருந்தது. புலியும் கடைத்தெருவும் நெய்யும் உள்ள அந்த உலகம் இந்தியாவேயாயினும், அதில் வாழும் மனிதர்களுக்கு ஆசிரியை இட்ட பெயர்கள் இந்தியப் பெயர்கள் அல்ல. சாம்போ என்பது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கறுப்பு இனத்தவரை இளக்காரமாக அழைக்க வழங்கிவந்த பெயர். தாய்க்கும் தகப்பனுக்கும் சூட்டிய மம்போ, ஜம்போ என்னும் பெயர்களோ, பொருளற்ற பிதற்றலைக் குறிக்கும் ஆங்கில வழக்கு ஒன்றை இரண்டாகப் பிளந்து வைத்தவை. பேனர்மன் தீட்டிய படங்களும், தடித்த உதடும் உருட்டிய விழியுமாகக் கறுப்பர்களைக் காட்டி நகைப்பூட்டும் அக்காலத்து மேடைக் கூத்தின் சம்பிரதாயத்தைத் தழுவியவையே. இவற்றை அவர் பகை கருதிச் செய்தார் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் கருதாமல் செய்த காயமும் காயமே.

காயம் ஆழமானதற்கு வேறொரு காரணமும் உண்டு. நூலின் உரிமை ஐந்து பவுண்டுக்குப் பிரசுரகர்த்தரிடம் விற்கப்பட்டுவிட்டமையால், அமெரிக்காவில் யார் யாரோ அதை எப்படியெப்படியோ அச்சிட்டபோது அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. புதிய சித்திரக்காரர்கள் இந்தியக் காட்டைக் கைவிட்டு, அமெரிக்கத் தென்மாநிலத்துப் பருத்தித் தோட்டக் குடிசைகளில் கதையைக் குடியேற்றி, மூலத்தில் இருந்த விகாரத்தைப் பன்மடங்கு பெருக்கினார்கள். வகுப்பறையில் ஆசிரியை அந்தக் கதையைப் படித்துக் காட்டினால், விளையாட்டு நேரத்தில் கறுப்புக் குழந்தை எந்தப் பெயரால் அழைக்கப்படும் என்பதை ஊகிக்க அதிக அறிவு வேண்டியதில்லை. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932-ஆம் ஆண்டிலேயே இந்தப் புத்தகத்தின் பெயரைச் சொல்லி, வெள்ளைக் குழந்தைக்கு வேடிக்கையாக இருப்பது, முன்பே பலவாறு புண்பட்டிருக்கும் கறுப்புக் குழந்தைக்கு மேலும் ஒரு புண்ணாகிறது என்ற கருத்தை எழுதினார். ஒரு சிறுவனாவது இதனால் வருந்துவான் என்று தெரிந்திருந்தால் தம் தாய் இந்நூலை வெளியிட்டிருக்கவே மாட்டார் என்று பேனர்மனின் புதல்வர் பிற்காலத்தில் பத்திரிகைக்கு எழுதினார். அதை நம்ப எனக்குத் தடையில்லை.

இத்தகைய நூலை என்ன செய்வது? ஜப்பானில் 1953 முதல் பல்லாயிரம் குழந்தைகள் விரும்பிப் படித்துவந்த மொழிபெயர்ப்பை, 1988-இல் எழுந்த கண்டனத்துக்குப் பின் பிரசுரகர்த்தர்கள் அடியோடு நிறுத்திவிட்டார்கள். 2005-இல் வேறொரு நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டது. நிறுத்துவது சுலபம். அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டில் நடந்ததோ அதைவிடக் கடினமானதும் கௌரவமானதுமான காரியம். பிரெட் மார்செலினோ என்னும் சித்திரக்காரர், பேனர்மனின் வசனத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, பாபாஜி, மாமாஜி, பாபாஜியின் தந்தை பப்பாஜி என்று பெயர்களை மட்டும் மாற்றி, இந்திய உடையும் இந்திய முகமும் கொண்ட மனிதர்களை வரைந்து, கதையை அது பிறந்த மண்ணுக்கே திருப்பிக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் ஜூலியஸ் லெஸ்டர் என்னும் கறுப்பின எழுத்தாளர், ஜெரி பிங்க்னி என்னும் கறுப்பினச் சித்திரக்காரருடன் சேர்ந்து, எல்லோருக்கும் சாம் என்றே பெயருள்ள ஒரு கற்பனை ஊரில் கதையை நிகழ்த்தி, தம் மக்களின் கதை சொல்லும் தொனியிலேயே அதை முற்றிலும் புதிதாகச் சொன்னார். தம்மைப் புண்படுத்திய கதைக்குள்ளே ஒளிந்திருந்த நல்ல கதையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. இரண்டு நூல்களும் புதிய தலைப்புடன், செய்தவர் பெயரை அட்டையில் தாங்கி வந்தன. 1899-ஆம் ஆண்டுப் புத்தகம் 1899-ஆம் ஆண்டுப் புத்தகமாகவே நூலகத்தில் இருந்தது.

இந்த விவரங்களை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், திருத்தம் என்ற ஒரே பெயரால் நாம் அழைப்பவை பலவாக இருப்பதுதான். அவற்றில் எதை ஏற்கலாம், எதை ஏற்கலாகாது என்பது, மாற்றியவர் யார், அதை வெளிப்படையாகச் செய்தாரா, பழையது எங்கே போயிற்று என்ற கேள்விகளைப் பொறுத்ததென்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

திருத்துவது புதிய வழக்கமும் அன்று. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் முதன்முதல் வெளியிட்ட நாட்டுக் கதைகளை, தம்பி வில்ஹெல்ம் 1857-ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு வரையில் இடைவிடாமல் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். கோபுரத்தில் அடைபட்ட ராபன்ஸல், உடை இறுகிப் போவது ஏன் என்று கேட்டுத் தான் கர்ப்பமுற்றதைத் தன்னை அறியாமலே வெளிப்படுத்திய இடம் நீக்கப்பட்டது. பனிவெள்ளையைக் கொல்லத் துணிந்த பெற்ற தாய், பெற்றவள் அப்படிச் செய்வாளா என்ற கூச்சத்தால், மாற்றாந்தாயாக ஆக்கப்பட்டாள். தாய்மையின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக உலகத்து மாற்றாந்தாய்மார்கள் அனைவரும் அன்று முதல் பழி சுமந்தார்கள் என்பதையும், யூதன் ஒருவனை முள்ளில் ஆட வைத்து வதைக்கும் கதை மட்டும் கடைசிப் பதிப்பு வரையில் அகற்றப்படாமல் இருந்ததையும் சேர்த்துப் பார்க்கும்போது, திருத்துபவனுக்கும் தன் காலத்துக் குருட்டுத்தன்மை உண்டென்பது விளங்குகிறது. நாம் எதைக் காணாமல் விட்டுவிட்டோம் என்று நம் பேரப்பிள்ளைகள் சொல்வார்கள்; அவர்கள் சொல்வதற்கு மூலப்பிரதி அவர்கள் கையில் இருந்தாக வேண்டும்.

ஆசிரியர் உயிரோடிருந்து தாமே திருத்தும்போது, யாரும் வாய் திறக்க நியாயமில்லை. 1934-இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' நூலில், மாயத் திசைகாட்டியைக் கொண்டு குழந்தைகள் உலகைச் சுற்றிவரும் அத்தியாயத்தில், நான்கு திசைகளிலும் அவர்கள் சந்தித்த எஸ்கிமோ, கறுப்பினத்தார், சீனர், செவ்விந்தியர் ஆகியோர் அந்நாளைய கேலிப் பிம்பங்களாகவே வார்க்கப்பட்டிருந்தனர். ஆசிரியை பி. எல். டிராவர்ஸ் 1967-இல் அங்கங்கே சில பேச்சுகளை மாற்றிப் பார்த்தார், போதவில்லை. சான் பிரான்ஸிஸ்கோ நகரப் பொது நூலகம் நூலை விலக்கி வைத்த பின், தம் முதிர்ந்த பிராயத்தில், 1981-ஆம் ஆண்டுப் பதிப்புக்காக அந்த மனிதர்கள் எல்லோரையும் எடுத்துவிட்டுத் துருவக்கரடி, பஞ்சவர்ணக்கிளி, பாண்டா, டால்பின் என்னும் பிராணிகளை வைத்து அத்தியாயத்தையே மறுபடி எழுதினார். மேரி ஷெப்பர்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் தாமே வரைந்த படத்தைத் தம் கையாலேயே மாற்றி வரைந்தார். டாக்டர் சூஸ் என்ற புனைபெயர் கொண்டவர் தம் முதல் நூலில் இருந்த சீன உருவத்தின் மஞ்சள் நிறத்தையும் பின்னலையும் 1978-இல் தாமே நீக்கினார். ரோல்டு டால், 1964-இல் எழுதிய 'சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்' என்ற நூலில், ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்து, கோக்கோ விதையைக் கூலியாகப் பெற்று உழைக்கும் குள்ளர்களாக ஊம்பா-லூம்பாக்களைப் படைத்திருந்தார்; அது அடிமைமுறையின் சாயலல்லவா என்ற கண்டனம் எழுந்தபின், 1973-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர்களை வேறொரு கற்பனைத் தேசத்தவராக்கினார். படைத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. அதற்கான மனத்துணிவைப் பாராட்டவும் வேண்டும்.

டால் 1990-இல் காலமானார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 2023 பிப்ரவரியில், அவருடைய நூல்களின் புதிய ஆங்கிலப் பதிப்புகளில் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் செய்யப்பட்டிருப்பதை லண்டன் பத்திரிகை ஒன்று பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு வெளிப்படுத்தியபோதுதான் உலகம் அறிந்தது. பெருந்தீனிக்காரச் சிறுவன் அகஸ்டஸ் குளூப்புக்கு இருந்த குண்டு என்ற அடைமொழி போய்ப் பெரிய உடலினன் என்ற பொருளில் ஒரு சொல் வந்தது. ட்விட் சீமாட்டியின் அவலட்சணம் போயிற்று. 'மெட்டில்டா'வில், புத்தகங்களின் வழியே தேசாந்தரம் போகும் அந்தச் சிறுமி, கான்ராடுடன் பாய்க்கப்பலில் போகாமல் ஜேன் ஆஸ்டினுடன் பண்ணை மாளிகைக்குப் போனாள். கிப்ளிங்குடன் இந்தியாவுக்கு வருவதற்குப் பதிலாக ஸ்டைன்பெக்குடன் கலிபோர்னியாவுக்குப் போனாள். சூனியக்காரிகள் வழுக்கைத் தலையை மறைக்கப் பொய்முடி அணிவார்கள் என்ற இடத்தில், பெண்கள் பொய்முடி அணிவதற்கு வேறு பல காரணங்களும் உண்டு, அதில் தவறில்லை என்று பொருள்படும் வாக்கியம் ஒன்று, டால் எழுதாத வாக்கியம், டாலின் குரலில் சேர்க்கப்பட்டது. நூலின் உரிமைப் பக்கத்தில், மொழி அவ்வப்போது பரிசீலிக்கப்படுகிறது என்று பொதுப்படையான சிறு குறிப்பு ஒன்று உண்டு. எந்த இடம் மாறியது என்றோ, யார் மாற்றினார் என்றோ அதில் இல்லை. அட்டையில் டாலின் பெயர் மட்டுமே இருந்தது.

பொய்முடி பற்றிய அந்த வாக்கியத்தை எழுதியவரின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். நோயினால் தலைமுடி இழந்த தாயையோ அக்காளையோ உடைய குழந்தை அந்தப் பக்கத்தைப் படிக்க நேரலாம் என்று அவர் எண்ணியிருப்பார். எண்ண வேண்டிய விஷயந்தான். ஆனால் அந்தக் குழந்தைக்கு வேண்டிய ஆறுதலை ஆசிரியரின் வாயில் திணிப்பதனால், பயங்கரம் நிரம்பிய ஒரு கதையின் நடுவே திடீரென்று உபாத்தியாயர் ஒருவர் எழுந்து நின்று பேசுவது போலாகிறது. குழந்தைகள் அந்த வேற்றுக்குரலை உடனே கண்டுகொள்வார்கள். அகஸ்டஸின் விஷயம் இதைவிடத் தெளிவானது. அடைமொழி மாறியதே ஒழிய, அந்தப் பருத்த பையன் சாக்லேட் ஆற்றில் விழுந்து, குழாயில் உறிஞ்சப்பட்டு, நடுவில் சிக்கிக்கொண்டு, எல்லோருடைய பரிகாசத்துக்கும் ஆளாவது அப்படியே இருக்கிறது. அவன் உடம்பைப் பார்த்துச் சிரிக்க வைப்பது ஒரு சொல் அல்ல, கதையின் அமைப்பு. அமைப்பைத் தொட லெஸ்டருக்கும் டிராவர்ஸுக்கும் இருந்த துணிவு, மேற்பூச்சை மட்டும் சுரண்டிய இந்தத் திருத்தத்தில் இல்லை. குண்டான சிறுவன் ஒருவன் வகுப்பில் படும் துயரத்தை அது அணுவளவும் குறைக்கவில்லை என்பதே எனக்குள்ள பெரிய ஆட்சேபம்.

சல்மான் ருஷ்டி உள்ளிட்ட பல எழுத்தாளர்கள் இந்த மாற்றங்களைக் கண்டித்தனர். பிரான்ஸிலும் ஹாலந்திலும் டாலின் பிரசுரகர்த்தர்கள் தங்கள் பதிப்பை மாற்றமாட்டோம் என்றனர். ஒரு வாரத்துக்குள், பழைய வசனத்தையே கொண்ட 17 நூல்களைத் தனித் தொகுதியாக வெளியிடுவதாகவும், எதை வாங்குவதென்று வாசகரே தீர்மானிக்கலாம் என்றும் ஆங்கிலப் பிரசுரகர்த்தர் அறிவித்தார். இது முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம்.

எனிட் பிளைட்டனின் 'பேமஸ் பைவ்' என்னும் சிறுவர் கதை வரிசைக்கு நேர்ந்தது வேறு மாதிரி. 2010-இல் அதன் பிரசுரகர்த்தர்கள், அவமதிப்பை நீக்குவதோடு நில்லாமல், பழைய காலத்துப் பள்ளி உடைக்கும் பழைய காலத்து வியப்புச் சொல்லுக்கும்கூட இக்காலத்துச் சொற்களைப் போட்டார்கள். 2016-இல் அந்த முயற்சி பயன்படவில்லை என்று கைவிட்டார்கள். பழமை வேறு, இழிவு வேறு என்ற வேற்றுமையை மறந்ததால் வந்த வினை அது. தன் தாத்தா காலத்துப் பிள்ளைகள் வேறு விதமாகப் பேசினார்கள் என்பதைக் குழந்தை கதையிலிருந்துதான் முதன்முதலில் தெரிந்துகொள்கிறது. அந்த இன்பத்தை அதனிடமிருந்து பறிப்பானேன்?

ஐந்து வயதுக் குழந்தை முன்னுரை படிக்குமா, வரலாற்று விளக்கம் அதற்குப் புரியுமா என்று கேட்பார்கள். படிக்காது, புரியாது. அதனால்தான் அந்தப் பிராயத்தில் புத்தகத்துக்கும் குழந்தைக்கும் நடுவே பெரியவர் ஒருவர் இருக்கிறார். உறங்கப் போகும் பிள்ளைக்குப் படித்துக் காட்டும் தாய், பிடிக்காத சொல்லை விழுங்கிவிட்டு வேறு சொல்லைச் சொல்வதும், ஒரு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பது. அவளுடைய திருத்தத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஏனெனில் புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கிறது, பிள்ளை வளர்ந்தபின் தானே எடுத்துப் பார்த்து இங்கே அம்மா வேறு மாதிரி சொன்னாளே என்று கேட்கலாம். ஐந்து வயதுக்குப் பாபாஜியின் கதையையும் சாமின் கதையையும் மனமார வாங்கிக் கொடுக்கலாம். பதினைந்து வயதுக்கு, 1899-ஆம் ஆண்டுப் பிரதியையும் ஹியூஸ் சொன்னதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒரு பண்புள்ள பெண்மணியும் தன் காலத்தின் இழிவைத் தெரியாமலே சுமக்க முடியும் என்ற உண்மையை அந்த வயதில் அறிந்துகொள்வது, எத்தனையோ நீதி போதனைகளைவிட மேலான கல்வி.

பிறர் திருத்தினால், அட்டையில் அவர் பெயரும் முன்னுரையில் அவர் காரணமும் இருக்கட்டும். ஆலன் கிரிப்பன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், மார்க் ட்வெயினின் 'ஹக்கிள்பெரி பின்' நாவலில் 219 இடங்களில் வரும் இழிசொல்லை நீக்கி அடிமை என்று பொருள்படும் சொல்லை அமைத்து 2011-இல் ஒரு பதிப்பு வெளியிட்டார். அந்த மாற்றம் எனக்கு உடன்பாடில்லை; ட்வெயின் காட்ட வந்த கொடுமையே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஆயினும் அவர் தம் பெயரைப் போட்டு, தாம் செய்தது இன்னது, செய்தது இதற்காக என்று முன்னுரையில் சொல்லி, கண்டனங்களைத் தாமே ஏற்று நின்றார். அவரோடு வாதாட முடிகிறது.

அச்சுப் புத்தகத்தில் இந்த நேர்மையைக் காப்பது ஒப்பளவில் எளிது. எவ்வளவு திருத்தினாலும், முன்பு விற்ற பிரதிகளைப் பிரசுரகர்த்தர் வீடு வீடாகச் சென்று பிடுங்க முடியாது. மின்னூலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2023-இல், முன்பே பணம் கொடுத்து வாங்கியிருந்த டால் மின்னூல்களிலும் புதிய வசனம் தானாகவே ஏறிவிட்டது என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. வாங்கியவர் கண்ணுறங்கும்போது அவர் அலமாரியிலுள்ள புத்தகம் மாறுவதை எந்த நல்ல நோக்கத்தின் பெயராலும் ஒப்புக்கொள்ளலாகாது. இந்தப் பிரதி வாங்கியவரின் சம்மதமின்றி மாற்றப்படமாட்டாது என்று விற்பனை நிபந்தனையிலேயே பிரசுரகர்த்தர்கள் எழுதித் தர வேண்டும். புதிய பதிப்பு வேண்டுவோருக்கு அதைத் தனி நூலாகத் தரலாம். இதை வற்புறுத்திக் கேட்கக்கூடியவர்கள் தனித்தனிப் பெற்றோர்களைவிட, மொத்தமாக வாங்கும் பொது நூலகங்களும் பள்ளிகளுமே; அடுத்த முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த ஒரு நிபந்தனையை அவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.